காலி பாட்டிலுக்குக் காசு, சரி. எங்கே போய்க் கொடுப்பது?

ஆசிரியருக்கு,

காலி பாட்டில்களையும் கேன்களையும் திரும்பக் கொடுத்து, வாங்கும்போது கூடுதலாகக் கட்டிய வைப்புத்தொகையைப் பெறும் திட்டத்துக்கு ஆதரவு குறைவு என்ற தங்கள் செய்தியைப் படித்தேன். மக்களின் அலட்சியம்தான் காரணம் என்பதை ஏற்க முடியவில்லை. வாங்குவது பக்கத்துக் கடையில், திருப்பிக் கொடுப்பது ஊர்க்கோடி மறுசுழற்சி மையத்தில் என்றால் யார்தான் போவார்கள்? போன மாதம் இரண்டு பை நிறையச் சுமந்துகொண்டு போனேன்; முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன், அப்புறம் பார்த்தால் நசுங்கிய கேன் ஒவ்வொன்றையும் பார்கோடு தெரியவில்லை என்று இயந்திரம் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது, கையெல்லாம் பிசுபிசுப்பு வேறு. இடம் மிச்சமாகட்டும் என்று மிதித்து நசுக்கியது நான்தான், ஆனால் நசுக்கக் கூடாது என்று அங்கே ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை.

ஜெர்மனியில் ஒருமுறை பயன்படுத்தும் பானப் பாட்டில், கேன்களுக்கு 2003 முதல் வைப்புத்தொகை உண்டு. அவற்றை விற்கும் கடைகளே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். அதுபோல விற்கும் பெரிய கடைகளிலேயே திரும்பப் பெற ஏற்பாடு செய்யலாம். மையங்களில் நசுங்கியதைக் கையால் எண்ணி வாங்க ஓர் ஆளையாவது உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்