ஒம்போது ஸ்க்ரூ, ஒரு சேர்

எல்லாருக்கும் வணக்கம். என் கால் ஒடைஞ்சது எப்படி, யார் மேல தப்புன்னு மறுபடி கேக்காதீங்க, தெருவுக்கே தெரிஞ்ச கதை, அந்த நாளப் பத்தி எழுத எனக்கு இன்னும் கை வரல. நேத்து சாயங்காலம் வாக்கர ஓரமா வெச்சுட்டு அடுப்படிலேர்ந்து வாசல் வரைக்கும் தனியா நடந்துட்டேன். பதினாலு அடி, எண்ணிக்கிட்டே நடந்தேன். வாசப்படில உக்காந்து அழுதும் தீத்துட்டேன். அந்தச் சூடு ஆறறதுக்குள்ள எழுதிடணும்னுதான் இத டைப் பண்றேன், தப்பு கிப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

மொதல்ல மொத்தமா ஒரு கும்புடு. எண்ணூர் ஹைரோட்டுல ஒவ்வொரு பள்ளத்துக்கும் "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, இதோ வந்துடுச்சு"ன்னு சொல்லிக்கிட்டே வந்த 108 ஆளுங்க ரெண்டு பேருக்கு. ஸ்டான்லி ஆர்த்தோ வார்டு டாக்டருங்களுக்கும் சிஸ்டருங்களுக்கும். வீக்கம் வத்தி தோல்ல சுருக்கம் விழுந்தாத்தான் கத்தி வெப்போம், இல்லன்னா தையல் போட்ட எடம் ஆறாதுன்னு சொல்லி எட்டு நாள் காக்க வெச்சாங்க. மூஞ்சில சுருக்கம் விழுதேன்னு கவலப்படுற வயசுல, காலையில கண்ணு முழிச்சதும் கால்ல சுருக்கம் விழலயேன்னு கவலப்பட்டவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ரத்தம் குடுத்த ஆபீஸ் பசங்க, காப்பீட்டு அட்டைய எடுத்துக்கிட்டு கவுன்டர் கவுன்டரா அலைஞ்ச என் நாத்தனார், பிரண்டைத் துவையல் அரைச்சுக் குடுத்த மூணாம் வீட்டு அக்கா, ஆட்டுக்கால் சூப்ப தூக்குல ஊத்தி காசிமேட்டுலேர்ந்து ஷேர் ஆட்டோ புடிச்சு வந்த சித்தி, எல்லாருக்கும். "கத்தி எதுக்கு, புத்தூர் கட்டு போட்டா போதும்"னு கடைசி வரைக்கும் சண்ட போட்ட பெரியப்பா, ஆபரேஷன் அன்னைக்கு தியேட்டர் வாசல்ல பச்சத்தண்ணி பல்லுல படாம நின்னாராம். அவருக்கும்தான்.

இப்ப நான் எழுத வந்த விஷயம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னாரு, முட்டிக்குக் கீழ பிளேட்டு வெச்சிருக்கு, ஆறு வாரத்துக்கு அந்தக் கால தரையில ஊனவே கூடாது, பாதத்த மட்டும் மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருங்க, இல்லன்னா ரத்தம் உள்ள கட்டிக்கும்னு. எல்லாத்துக்கும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். வந்தப்புறந்தான் உறைச்சுது. எங்க லைன் வீட்டுல ஆறு குடித்தனத்துக்கு ரெண்டு கக்கூஸ், ரெண்டும் குத்த வெச்சு உக்கார்றது, அதுலயும் ஒரு படி ஏறிப் போவணும். முட்டியே பாதிதான் மடங்குது. இத யார்கிட்ட போய்ச் சொல்றது? எழுபத்தி ரெண்டு வயசு மாமியார் பெட்பேன் எடுத்து வெப்பாங்க, அவங்க குனியும்போது நான் செவுத்துப் பக்கம் திரும்பிப்பேன். நாலாவது நாள் நானா ஒரு வழி கண்டுபுடிச்சேன், தண்ணி குடிக்காம இருந்துட்டா போவவே வேணாமில்ல. உதடு வெடிச்சுது, ஒன்னுக்கு போனா எரிச்சல். மாத்திரையோட சூடுன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் ஆமான்னுட்டேன்.

எங்க எதிர்ல ஒரு வெல்டிங் பட்டறை இருக்குறது நம்ம ஏரியாக்காரங்களுக்குத் தெரியும், கன்டெய்னர் டிரெய்லருக்கு வேல பாக்குற எடம். அந்தத் தம்பிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ராத்திரி பதினோரு மணிக்கு கிரைண்டர் போட்டா இங்க நம்மளுக்குப் பல்லு கூசும். போன வருஷம் பொண்ணு பத்தாவது பரிச்சைக்குப் படிக்குறா, நான் நடுத்தெருவுல நின்னு கத்துன கத்துல நாய் கூட ஓடிப்போச்சு. அன்னைக்கு வாய் வழுக்கி அவன் அம்மாவையும் இழுத்து ஒரு வார்த்த வுட்டுட்டேன். அவன் பதில் பேசல, ஷட்டர இழுத்து வுட்டுட்டுப் போயிட்டான். அதுலேர்ந்து ரெண்டு பேருக்கும் மூஞ்சி பாக்குறது கெடையாது.

அந்தத் தம்பிதான் ஒரு நாள் மத்தியானம் கையில இஞ்சு டேப்போட வந்து வாசல்ல நின்னான். "யக்கா, நல்ல கால கீழ தொங்க வுடு"ன்னான். நான் முழிக்கறேன். தரையிலேர்ந்து முட்டி மடிப்பு வரைக்கும் அளந்தான். "பதினேழு. ரெண்டு இஞ்சு ஏத்தியே வெக்கிறேன், எயுந்துக்க சுளுவா இருக்கும்." அவ்ளோதான், போயிட்டான். எதுக்குன்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல, ஆனா எனக்குப் புரிஞ்சுபோச்சு, வெக்கமாவும் போச்சு.

மறுநாள் விளக்கு வெக்குற நேரத்துக்கு ஒரு சேர் வந்துச்சு. ஒரு இஞ்சு சதுர பைப்புல ஃபிரேம், மேல பழைய பிளாஸ்டிக் சேரோட சீட்டு, நடுவுல வட்டமா அறுத்து அந்த விளிம்பு தொடைய கிழிக்காம சைக்கிள் டியூப்ப சுத்தி ஒட்டியிருந்தான். கீழ பக்கெட் தள்ளி வெக்க ரெண்டு தண்டவாளம். நாலு கால்லயும் ரப்பர் புஷ்ஷு. முன்னாடி, நான் சொல்லாமலே, அடிபட்ட கால நீட்டி வெச்சுக்க ஒரு தட்டு, அதுல பழைய பாய மடிச்சு ஒட்டி. "பெயின்ட் காயல, காலையில உக்காரு"ன்னான்.

உனக்கு எப்படிடா தெரியும்னு கேட்டேன். ஒரு எடத்துல டியூப்பு தூக்கிக்கிட்டு இருந்துது, அத அமுக்கிக்கிட்டே, தல நிமிராம சொன்னான். "எங்கம்மா இடுப்பு ஒடைஞ்சு எட்டு மாசம் கெடந்துச்சுக்கா. தண்ணியே குடிக்காது. எனக்கு அப்ப இன்னா ஏதுன்னு தெரில. நீ வாசல்ல உக்காந்து சொம்ப தொடாமலே வெச்சிருந்தத ரெண்டு நாளா பாத்தேன்."

நான் இழுத்த அம்மா அவங்கதான்.

எவ்ளோ ஆச்சுன்னு கேட்டா அதுக்கு பதில் இல்ல, "எக்ஸ்ரே கீதா?"ன்னான். குடுத்தேன். டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சு, டாக்டரு கூட அவ்ளோ நேரம் பாக்கல, அப்படிப் பாத்தான். "ஒம்போது ஸ்க்ரூ. ரெண்டு ஓட்ட காலியா வுட்டுக்கீறாங்களே, மறந்துட்டாங்களா?" அடப்பாவி, நல்லது செய்ய வந்தவன் என் தூக்கத்த எடுத்துட்டுப் போயிட்டான். அடுத்த ரிவ்யூல மொத கேள்வியா அததான் கேட்டேன். டாக்டர் சிரிச்சாரு. எல்லா ஓட்டையிலயும் ஸ்க்ரூ போடணும்னு இல்லம்மா, ரொம்ப வெரப்பா முறுக்கிட்டா பளு எல்லாம் ஒரே எடத்துல போய் விழும், பிளேட்டும் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும், வேணும்னேதான் வுட்டிருக்கோம்னாரு. வந்து தம்பிகிட்ட சொன்னேன். "அத்தான! டிரெய்லர் சேஸிஸ்லயும் அப்டித்தான்க்கா, அசையவே கூடாதுன்னு சுத்தி வெல்டு வெச்சா அங்கதான் கிராக் வுடும்." அவன் மூஞ்சில ஒரு நிம்மதி, ஏதோ அவன் கால்ல வெச்ச பிளேட்டு மாதிரி.

இன்னொன்னும் சொன்னான். எனக்கு அப்பல்லாம் ராத்திரி ஒரே பயம், இரும்பாச்சே, உள்ள துரு புடிச்சுட்டா? முட்டிக்குக் கீழ தடவுனா ஒரு ஸ்க்ரூவோட தல கைக்குத் தட்டுப்படும், வேற யாரோ என் கால்ல குடி வந்த மாதிரி இருக்கும். தம்பி சொன்னான், "எஸ்.எஸ்.ல, அதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல, 304 போட்டா கடலோரத்துல புள்ளி புள்ளியா துரு வுடும், அதான் படகு வேலைக்கு 316 கேப்பாங்க, உப்புக்கு அதான் தாங்கும். ஒடம்புக்குள்ளயும் உப்புத்தண்ணிதானக்கா, அதத்தான் போட்ருப்பாங்க." டாக்டர்கிட்ட கேட்டா, ஆமா 316 எல், மாலிப்டினம்னு ஒரு உலோகம் கலந்தது, உங்களுக்கு யாரு சொன்னதுன்னாரு. எங்க எதிர்வீட்டு இன்ஜினியர்னு சொன்னேன்.

இப்ப நாலு மாசம் ஆச்சு. விடியக்காலம் கடக்காத்து அடிச்சா உள்ளேர்ந்து ஒரு இழுப்பு இழுக்கும். முட்டி போட்டு சாமி கும்புட முடியல, நின்னுக்கிட்டே கும்புடுறேன். போன வாரம் வாக்கரோட விம்கோ நகர் தங்கச்சி வீட்டுக்குக் கெளம்பி காலடிப்பேட்டை மெட்ரோவுல செக்கிங் மெஷின் பீப் பீப்னு கத்தி நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. 2021ல மெட்ரோ நம்ம பக்கம் வந்தப்போ மொத ஆளா ஓடிப்போய் ஏறுனவ நான், இப்ப செக்யூரிட்டியம்மா உக்கார வெச்சு, போன்ல இருக்குற எக்ஸ்ரே போட்டோவப் பாத்து, சிரிச்சுட்டு அனுப்பி வெச்சாங்க. அவங்களுக்கும் ஒரு நன்றி.

சேரு இப்ப என்கிட்ட இல்ல. கொருக்குப்பேட்டையில ஒரு அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன், தம்பியே அவன் வண்டில கட்டி எடுத்துட்டுப் போயி அவங்க உயரத்துக்கு கால அறுத்துக் குடுத்துட்டு வந்தான். அவங்க வேல முடிஞ்சா அடுத்து யாருக்கு வேணுமோ சொல்லுங்க, அளவு மட்டும் எடுத்து வெய்யுங்க. இனிமே யாராவது கால் ஒடைஞ்சு வீட்டுக்கு வந்தா, நான் ஆர்லிக்ஸ் பாட்டில் வாங்கிட்டுப் போவ மாட்டேன், பக்கத்துல உக்காந்து "கக்கூஸுக்கு இன்னா பண்றீங்க?"ன்னுதான் கேப்பேன், சத்தியம்.

தம்பி, காசு வாங்க மாட்டேன்னுட்ட. அந்த ஒரு வார்த்தைக்கு மன்னிப்பு கேக்க நாலு தடவ பட்டற வரைக்கும் வந்து, ஏதேதோ பேசிட்டுத் திரும்பிட்டேன், அதனால இங்க எல்லாரும் பாக்க எழுதுறேன், மன்னிச்சுடு. தொந்தரவு இல்லன்னா பிளேட்டு அப்படியே இருக்கட்டும், குத்துச்சுன்னா ஒன்றர வருஷம் கழிச்சுப் பாக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கழட்டுனா கையில வெச்சுப் பாக்கணும்னு கேட்டியே, குடுத்தாங்கன்னா அது உனக்குத்தான். அதுக்காக ராத்திரி பத்து மணிக்கு மேல கிரைண்டர் போட்டா சும்மா இருப்பேன்னு மட்டும் நெனைக்காத.