கவரைக் கழற்றி வைத்த கதை

டேய் கணக்கு,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நலம், நலமறிய ஆவல் எல்லாம் போட்டாச்சு என்று வைத்துக்கொள். உன் டயல் கேஜ், முள் நகர்ந்து நுணுக்கமான விலகலைக் காட்டுமே அந்தக் கருவி, என்னிடம்தான் இருக்கிறது. நெட்டைதான் சுருட்டிவிட்டான் என்று நீ அவனிடம் சண்டைக்குப் போனதாகக் கேள்வி. நீயே மன்னிப்புக் கேட்டுவிடு. நான் கேட்கமாட்டேன், அந்த மூன்றாவது போல்ட்டுக்கு அவன் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. கிழவியின், அதான் என் பழைய தோட்ட டிராக்டரின், ஷாஃப்ட் கப்ளிங் (சுழலும் தண்டைக் கோக்கும் இணைப்பு) பிய்த்துக்கொண்டது. நான் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது, முழு வேகத்தில். அதைவிட மோசம், நடுவில் ஷாஃப்ட்டை மூடும் கவர் அப்போது வண்டியில் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். இன்ஜின் முன்னால், ஹைட்ராலிக் பம்ப் சீட்டுக்கு அடியில், இரண்டுக்கும் நடுவே என் இரண்டு காலுக்கும் இடையில் ஐந்து நூல், அதாவது எட்டில் ஐந்து அங்குல, ஷாஃப்ட் ஓடுகிறது. உனக்குத் தெரிந்ததுதான். முன்பக்கம் ரப்பரும் கான்வாஸும் சேர்த்து அழுத்திய வட்டு, பின்பக்கம் இரும்புக் கப்ளிங், அதையும் ஷாஃப்ட்டையும் சேர்த்துக் குறுக்கே ஆணி மாதிரி செருகிய, இரண்டு நூல் தடிமனில் ஒரு பின். போன மழைக்கு முன்னாலேயே ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மெதுவாக ஓடும்போது) 'டக் டக்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் வட்டு விளிம்பில் கிழிந்திருந்தது. சரி, வயதாகிவிட்டது என்று புது வட்டு வாங்கி மாட்டினேன். மூன்று மணி நேரம் ஓடியது. அதுவும் கிழிந்தது. இன்னொன்று வாங்கினேன்.

இந்த இடத்தில் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "புது வட்டை எது தின்னுதுன்னு பார்த்தியாடா?" பார்க்கவில்லை. பின் ஓட்டையைச் சுற்றிக் குங்குமம் மாதிரி சிவப்புப் பொடி படிந்திருந்தது. இறுக்கமாக இருக்க வேண்டிய இரும்பு உள்ளே அசைந்து அசைந்து உராய்ந்தால்தான் அந்தப் பொடி வரும், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். எப்படியும் மறுபடி கழற்றத்தானே போகிறோம் என்று கவரைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன்.

வட்டு இரண்டாகப் பிளந்ததும் ஷாஃப்ட்டின் முன்முனைக்குப் பிடிமானம் போய்விட்டது. வட்டின் ஒரு பாதி மட்டும் அதைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தது. 3600 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 60 சுற்று. ஷாஃப்ட் சாட்டை மாதிரி வீசி பிரேக் ராடை வளைத்து, ஃபிரேமில் ஒரு பள்ளம் போட்டுவிட்டது. நான் எப்போது சாவியைத் திருப்பினேன் என்று நினைவில்லை. இடது காலை அப்போதுதான் மிதிப்பலகைக்கு வெளியே நீட்டியிருந்தேன், சும்மா, முழங்கால் வலிக்கிறதே என்று. அந்தப் பள்ளம் என் கணுக்கால் இருக்க வேண்டிய இடத்துக்கு நான்கு விரல் தள்ளி இருக்கிறது. அன்று இரவு தூங்கவில்லைடா. கண்ணை மூடினால் அந்தச் சத்தம்.

உன் பெல்ட் வண்டியாக இருந்தால் பெல்ட் வழுக்கியிருக்கும், அவ்வளவுதான், இல்லையா? சிரிக்காதே. கப் கேடட் என்கிற அமெரிக்கத் தோட்ட டிராக்டருக்கே 1961-இல் வந்த முதல் மாடலில் பெல்ட்தான், 1963-இல்தான் நேரடி ஷாஃப்ட்டுக்கு மாறினார்கள் என்று நீ ஆயிரம் முறை சொல்லியாயிற்று. இருந்தாலும் ஷாஃப்ட் பக்கம்தான் நான்.

இரண்டு நாள் கழித்துத்தான் கிட்டவே போனேன். அந்தக் குறுக்குப் பின் கழன்று வரவில்லை. சின்ன பஞ்ச்சை வைத்து அடித்தது என் தப்பு, உள்ளே குழலாக இருக்கும் பின் நசுங்கி இன்னும் இறுகிவிட்டது. ஓங்கி அடித்தால் பம்ப் பேரிங் போய்விடும் என்று டிரில் போட்டே எடுத்தேன். போகிற போக்கில் பம்ப் மேல் இருக்கும் பிளாஸ்டிக் ஃபேனில் ஒரு இறக்கையையும் உடைத்தேன். அது தனிக் கதை, வேண்டாம்.

ஓட்டை வட்டமாகவே இல்லை, முட்டை மாதிரி. நீ பக்கத்தில் இல்லாததால் கணக்கை நானே போட்டேன், சரியா பார். 12 குதிரைத்திறன், 3600 ஆர்பிஎம் என்றால் முறுக்கு சுமார் 24 நியூட்டன் மீட்டர். அதை ஐந்து நூல் ஷாஃப்ட்டில் ஒரே பின் தாங்கினால் பின்னின் ஒவ்வொரு பக்கத்திலும் 150 கிலோ தொங்குகிற மாதிரி. அதுவும் சராசரிதான். ஃபோர் ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, நொடிக்கு 30 குத்து, ஒவ்வொரு குத்திலும் சராசரியைவிடப் பல மடங்கு. கொஞ்சம் ஆட்டம் கிடைத்தால் போதும், அது சுத்தியல் வேலைதான்.

ஆனால் முதல் குற்றவாளி பின் இல்லை. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் மவுன்ட் ரப்பர். வருடக்கணக்காக ஆயில் கசிந்து இடப்பக்கம் இரண்டும் அல்வாவாகிப் போய், இன்ஜின் 4 மில்லிமீட்டர் இறங்கி உட்கார்ந்திருந்தது. ஷாஃப்ட் ஒரு கோட்டில், இன்ஜின் இன்னொரு கோட்டில். அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு சுற்றிலும் வட்டுதான் வளைந்து வளைந்து விழுங்கியிருக்கிறது, மணிக்கு 2,16,000 தடவை. எத்தனை வட்டு வாங்கிப் போட்டாலும் கிழியத்தானே செய்யும்?

புது ஷாஃப்ட்டுக்கு 16 மில்லிமீட்டர் ராடு வாங்கினேன். ஐந்து நூலும் 16-ம் ஒன்றுதானே என்று நினைத்தேன். நினைப்பாய் அல்லவா நீயும்? ஐந்து நூல் 15.875. கப்ளிங்குக்குள் மூக்கைக்கூட நுழைக்கவில்லை. அரை நாள் எமரித்தாள் தேய்த்து, கை ஓய்ந்து, கடைசியில் லேத்காரரிடம் கொண்டுபோனேன். அவர் முனை இரண்டையும் கடைந்து, கப்ளிங்கை மாட்டியே பின் ஓட்டையையும் போட்டுக் கொடுத்தார். அந்த எமரி வேலையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் வலித்தது.

அப்புறம் நாலு புது மவுன்ட், மறுபடி ஒரு வட்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றி உன் டயல் கேஜில் பார்த்தேன். அங்கேயும் கோட்டைவிட்டேன். முள் காட்டுவதில் பாதிதான் நிஜமான விலகல் என்பதை மறந்து முழு அளவுக்கும் ஷிம், அதாவது மெல்லிய தகடு, வைத்துவிட்டேன். மறுபடி பார்த்தால் அதே அளவு, எதிர்ப்பக்கம்! வாத்தியார் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார். பாதியை எடுத்ததும் முள் அசையவே இல்லை என்று சொல்லலாம்.

இருபது மணி நேரம் ஓட்டியாயிற்று. வட்டில் கீறல் இல்லை, பின்னைச் சுற்றிச் சிவப்புப் பொடி இல்லை, ஐடிலில் சத்தம் இல்லை. வாரம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்கிறேன், பார்த்த கையோடு கவரை மாட்டிவிடுகிறேன், நாலு போல்ட்டும்.

டயல் கேஜை அடுத்த வாரம் அனுப்புகிறேன். பெட்டியின் மூடி கொஞ்சம் விரிசல், அது முன்னாலேயே இருந்தது என்று நீ ஒத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, நீ போன் பண்ணினால் அநேகமாக வீட்டில் அவள்தான் எடுப்பாள். வண்டி ரிப்பேர், முடிந்தது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பள்ளத்தைப் பற்றி வாயைத் திறக்காதே.

உன்
அவசரக்குடுக்கை