நைந்த இடத்தை விட்டு வெட்டுகிறேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். இங்கிலாந்துக் குளிர் பழகிவிட்டது. "அங்கே போய்க் கந்தல் துணியா பொறுக்குகிறாய்?" என்று கேட்டிருந்தாய். ஆமாம் அம்மா, கழித்துப் போட்ட பழந்துணியில்தான் புது உடை வடிவமைக்கிறேன்.

மூட்டையைப் பிரித்ததும் ஒவ்வொரு துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நைந்த இடம் வலை மாதிரித் தெரியும்; சாக்கட்டியால் வட்டமிட்டு வைப்பேன். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால், முடி கருகும் வாடைக்குக் கம்பளி அல்லது பட்டு, காகித வாடைக்குப் பருத்தி அல்லது லினன். கம்பளியில் அந்துப்பூச்சி முட்டை இருக்கலாம். அதனால் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிடுவேன்.

பட்டில்தான் ஏமாந்தேன். 1900 வாக்கில் தைத்த கருப்புப் பட்டுப் பாவாடை, கையில் எடுத்தாலே நல்ல கனம். ஜாக்கெட்டாகத் தைத்து மாட்டிப் பார்த்தால் மடிப்பு மடிப்பாகப் பிளந்துவிட்டது. பட்டு இழையில் இயல்பாக ஒட்டியிருக்கும் பசையை நீக்கும்போது அதன் எடையில் கால் பங்கு வரை குறைந்துவிடும். அதை ஈடுகட்ட அந்தக் காலத்தில் உலோக உப்பு ஏற்றியிருக்கிறார்கள். அந்த உப்பு நாளாக ஆக இழையை அரித்துவிடுகிறது. மூன்று நாள் உழைப்பு அம்மா, அழுதேவிட்டேன்.

அதிலிருந்து, படம் வரைந்துவிட்டுத் துணி தேடுவதில்லை. துணியை விரித்து, நல்ல இடம் எங்கே, எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் பேட்டர்ன்.

படுக்கை விரிப்பு எப்போதும் நடுவில்தான் தேயும். இங்கே போர்க்காலத்தில், 1941-இல், துணிக்கு ரேஷன் வந்தது. 1949 வரை நீடித்தது. அப்போது பெண்கள் விரிப்பை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, உறுதியான ஓரங்களை நடுவே சேர்த்துத் தைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு லினன் விரிப்பு போன வாரம் வந்தது. அங்குலத்துக்கு 15 கைத்தையல், எண்ணிப் பார்த்தேன். பிரிக்க மனமே வரவில்லை. நல்ல துணியும் அந்தத் தையலின் இரு பக்கமும்தான் இருந்தது. அதனால் தையல் முதுகின் நடுவே இறங்கும்படி வைத்து ஒரு சட்டை வெட்டினேன். நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். யார் தைத்தாளோ, உன் கை மாதிரியே இருக்கிறது.

அப்புறம் ஒன்று. கிழிசலில் குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓட்டி, நெய்தது போல அடைப்பாயே, முதல் நூலை எங்கிருந்து ஆரம்பிப்பாய்? படம் போட்டு எழுது. ஒரு கம்பளிக் கோட்டின் முழங்கையில் ஓட்டை. உன் கடிதம் வரும்வரை அதில் கத்தரி வைக்க மாட்டேன்.

அன்புடன்,
உன் மகள்