வாய்க்கால் தூர்வார வந்தவர்களுக்கு எங்கள் ஊரின் நன்றி

பிச்சாவரம் அலையாத்திக் காட்டோரம் குடியிருக்கும் எங்கள் ஊர் சார்பில், வாய்க்கால் தூர்வார வந்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

இந்தக் காட்டு மரமான வெண்கண்டல் உச்சியிலிருந்து காய ஆரம்பித்ததும், "நோய் விழுந்திருச்சு, மருந்து அடிக்கணும்" என்றுதான் ஊரில் பேச்சு. முதல் நன்றி, சேற்றில் இறங்கி வேரைப் பார்த்த பரங்கிப்பேட்டை மாணவிகளுக்கு. குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்த மூச்சு வேர் ஒன்றைத் தொட்டதுமே தோல் கழன்று கையோடு வந்தது. உள்ளே கறுப்பு, சேற்றில் அழுகின முட்டை நாற்றம். கொஞ்சம் தள்ளி, தண்ணீர் ஏறி வத்துகிற இடத்தில் நின்ற மரத்தின் வேரோ விறைப்பாக இருந்தது, நறுக்கினால் வெளுப்பு.

பூஞ்சை போன்ற கிருமியால் வேர் அழுகுவதும் உண்டுதான் என்றார்கள். சுந்தரவனத்தில் சுந்தரி மரம் உச்சி கருகுவது பழைய தொல்லையாம். ஆஸ்திரேலியாவின் கார்பென்டாரியா வளைகுடாவில் 2015-16இல் சுமார் 7,400 ஹெக்டேர் காய்ந்ததற்கு, கடல்மட்டம் தற்காலிகமாக இறங்கியது பெரிய காரணம். எங்களுக்கு நேர்மாறு. ஏறின தண்ணீர் வத்த வழியில்லாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பு ஏறிப்போனது. மூச்சு வேர் முழுகியே கிடந்தால் மரம் எதால் மூச்சு விடும்?

இது இன்று நேற்று வந்த வினையல்ல. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக வெட்டிய இடங்கள் வெயில் பட்டுத் தாழ்ந்து தொட்டியாகிவிட்டன. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன்முள் போலச் சாய்வாகக் கிளை வாய்க்கால் வெட்டித்தான் காட்டை மீட்டார்கள். அன்று மண் சுமந்த பெரியவர்களுக்கும் இந்த மடலில் பங்குண்டு. ஆனால் வாய்க்கால் தூர்ந்துகொண்டே இருக்கும்; வெட்டினதோடு வேலை முடியாது. நாற்று நட்டுப் படம் எடுக்க வருகிற கூட்டம் தூர்வார வருவதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இடுப்பளவுச் சேற்றில் நின்ற இருளர் அண்ணன்மார், அக்காமார் இல்லையென்றால் ஒன்றும் நடந்திருக்காது. எந்த வளைவில் வண்டல் படியும் என்று கையால் தடவியே சொன்னார்கள். தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து வேலையை நிறுத்தச் சொன்னதும் அவர்கள்தான். அனுமதி வாங்கிக் கொடுத்த வனக்காப்பாளருக்கும், சுக்குக் காப்பி போட்டுக்கொண்டே இருந்த மகளிர் குழுவுக்கும் நன்றி.

படகுக்கார மாமா டீசல் காசு வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பணத்தில் புது மண்வெட்டிகள் வாங்கி ஊர்ப் பொதுவில் வைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் இன்னொரு தடவை இறங்க வேண்டும், வந்துவிடுங்கள்.