தாத்தா பாட்டியோடு ஜான்சன் நூலகத்துக்கு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கோடை விடுமுறையில் நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளையும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களையும் ஆஸ்டினில் உள்ள, முன்னாள் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப்போகத் தீர்மானித்திருக்கிறோம்.

ஏன் ஜான்சன்? 1946 முதல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற ஆண்டுக்கு 100 பேர் என்றுதான் கணக்கு. அந்த முறையை ஒழித்த சட்டத்தில், 1965 அக்டோபர் 3 அன்று, சுதந்திர தேவி சிலையின் அடியில் உட்கார்ந்து கையெழுத்திட்டவர் அவர். அது நடக்காமல் போயிருந்தால் நம்மில் எத்தனை பேர் இங்கே வீடு வாசல் என்று இருந்திருப்போம்?

பெரியவர்களுக்கு அவர் காலம் வேறு விதமாக ஞாபகம் வரும். மழை பொய்த்த 1965, 66இல் கப்பல் கப்பலாக வந்த அமெரிக்கக் கோதுமை! அதையும் அவர் சும்மா அள்ளிக் கொடுத்துவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுமதித்தார், டெல்லி அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடந்தது. வியட்நாம் போரைப் பெரிதாக்கியவரும் அவரே. எல்லாவற்றையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

முன்பு எங்களில் சிலர் போயிருந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் நாலு மாடி உயரத்துக்குச் சிவப்புப் பெட்டிகள், பெட்டிதோறும் பொன்னிற முத்திரை. அங்கே உள்ள ஆவணங்கள் மொத்தம் 4.5 கோடிப் பக்கம். அப்புறம் அந்தத் தொலைபேசிகள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால், பதிவு செய்து வைத்த உரையாடலில் ஜான்சனே பேசுகிறார். கூட வந்த பாட்டி ஒருவர் ரிசீவரை வைக்க மனமில்லாமல், "என்னடா சொல்றார்?" என்று பேரனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவனுக்குப் புரிந்தது, தமிழில் சொல்லத்தான் வரவில்லை. அவன் முகம் வாடியதைப் பார்த்த பிறகு எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

அதனால் பயணத்தோடு ஒரு தமிழ்க் கையேடும் அச்சிடுகிறோம். என்ன பார்க்கிறோம், யார் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்று எளிய தமிழில், பாட்டியும் பேரனும் சேர்ந்து வாசிக்கும்படி பெரிய எழுத்தில் இருக்கும். பஸ் வாடகை, நுழைவுச்சீட்டு, அச்சுச் செலவு, இவை மூன்றுக்கும்தான் பணம் வேண்டும்.

குடும்பத்துக்கு 40 டாலர் என்று வைத்திருக்கிறோம். கூடத் தர முடிந்தவர்கள் தாருங்கள். 5 டாலர்தான் முடியும் என்றாலும் சரி. ஒன்றும் தர இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் பஸ்ஸில் இடம் உண்டு, யாரும் கேள்வி கேட்க மாட்டோம். கையேட்டை மொழிபெயர்க்கவும் பிழை திருத்தவும் ஆட்கள் தேவை, அதுவும் நன்கொடைதான்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பொருளாளரிடம் ரொக்கமாகவோ காசோலையாகவோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவை அடுத்த பொதுக்கூட்டத்தில் வாசிப்போம்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்