லாக்ரோஸ் வரட்டும், கபடிக் களத்தை அழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் லாக்ரோஸும் ஒரே நாளில் இடம் பிடித்தவை. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிதான் இரண்டுக்கும் ஒப்புதல் கொடுத்தது. கிரிக்கெட்டைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. லாக்ரோஸைப் பற்றி இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் கட்டணம் கூடுதலான பள்ளிகளின் சேர்க்கை விளம்பரத்தில், குதிரையேற்றத்துக்குப் பக்கத்தில் இந்தப் பெயர் ஏறப் பல வருடம் ஆகாது. ஏறியதும் "கபடியெல்லாம் எதற்கு சார்?" என்ற பேச்சும் பின்னாலேயே வரும்.

கழியின் நுனியில் ஒரு வலைப்பை. பந்தைக் கையால் தொடாமல் அந்தப் பையில் ஏந்தி ஓடி, வீசி, பிடித்து, ஆறடிக்கு ஆறடி கோலுக்குள் எறிய வேண்டும். ஆட்டம் இவ்வளவுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குப் பெயரே விளங்கிவிடும்: வளைந்த கழிக்கு அந்த மொழியில் க்ரோஸ் என்று பெயர். பெயர் வைத்தது பிரெஞ்சுக்காரர்கள் என்றாலும் ஆட்டம் அவர்களுடையதல்ல. வட அமெரிக்கப் பூர்வகுடிகள், குறிப்பாக ஹோடினோஷோனி மக்கள், நோய் தீரவும் படைத்தவனை மகிழ்விக்கவும் ஆடிய ஆட்டம் அது. 1867இல் மாண்ட்ரியால் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் அதற்கு விதி எழுதினார். சில வருடங்களிலேயே, காசு வாங்கி ஆடுகிறவர்கள் என்று சொல்லிப் பூர்வகுடிகளையே போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். உலகக் கோப்பையில் அவர்கள் தங்கள் சொந்தக் கொடியோடு இறங்கியது 1990இல்தான். இதற்கிடையில் ஸ்காட்லாந்தில் செயின்ட் லியோனார்ட்ஸ் என்ற பெண்கள் பள்ளி 1890லேயே இதை ஆடத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் கிழக்குக் கரையின் தனியார் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. ஊர்த் திடலில் பிறந்த ஆட்டம் இப்படித்தான் மேட்டுக்குடி ஆட்டமானது.

அங்கேயே இதன் தகுதி பற்றி இரண்டு பேச்சு உண்டு. ஆடுகிறவர்கள் இதை இரண்டு காலில் ஆடும் ஆட்டங்களிலேயே வேகமானது என்பார்கள். ஃபுட்பாலிலும் கூடைப்பந்திலும் இடம் கிடைக்காத பணக்கார வீட்டுப் பையன் போய்ச் சேரும் இடம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இந்த இரண்டாவது பேச்சுக்கு ஜிம் பிரவுன் ஒருவரே போதும். அமெரிக்க ஃபுட்பாலின் மிகப் பெரிய ஓட்டக்காரர்களில் ஒருவரான அவர், 1957 வரை சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் லாக்ரோஸும் ஆடினார். அதிலும் அவர் முதல் வரிசை. உடம்பு கேட்கும் வேலையில் லாக்ரோஸ் எந்த ஆட்டத்துக்கும் இளைத்ததில்லை. ஆனால் அதன் அந்தஸ்து உடம்பிலிருந்து வரவில்லை. ஹெல்மெட், கையுறை, தோள்கவசம், கழி என்று நீளும் கடைச் சீட்டிலிருந்து வந்தது.

நம் ஊரிலும் கணக்கு வேறில்லை. கபடிக்கு 13க்கு 10 மீட்டர் இடமும் கொஞ்சம் செம்மண்ணும் போதும். அதனாலேயே அது "காசில்லாத பிள்ளைகள் ஆட்டம்". மகன் கபடிக்குப் போனால் கைகால் ஒடித்துக்கொள்வான் என்று பயப்படுகிற வீட்டில்தான், 160 கிராம் தோல் பந்து முகத்துக்கு நேரே வரும் கிரிக்கெட்டுக்கு மாதக் கட்டணம் கட்டுகிறார்கள். இத்தனைக்கும் ஒலிம்பிக்குக்குப் போகும் லாக்ரோஸ், சிக்ஸஸ் என்ற சிறு வடிவம். பக்கத்துக்கு ஆறு பேர், 70க்கு 36 மீட்டர் களம், எட்டெட்டு நிமிடமாக நான்கு கால் பகுதி. பந்து கைக்கு வந்த 30 நொடிக்குள் கோலுக்கு அடித்தாக வேண்டும். கபடியில் ஒரு ரெய்டுக்கும் அதே 30 நொடிதான்! எதிராளியின் இடுப்பைப் பார்த்து அவன் திரும்பும் பக்கத்தைக் கணிப்பது, பாதி வேகத்தில் போய்ச் சட்டென்று வெட்டித் திரும்புவது, இவையெல்லாம் ரெய்டருக்குக் கைவந்த வித்தை. லாக்ரோஸுக்கு ஆள் எடுக்கும் பள்ளி முதலில் கபடிக் களத்தில்தான் தேட வேண்டும். அடுத்துப் பூப்பந்து ஆடுகிற பிள்ளைகள்; மணிக்கட்டு அவர்களுக்குப் பழகியிருக்கும்.

கிரிக்கெட் பிள்ளைகள் தொடக்கத்தில் திணறுவார்கள். வரும் பந்துக்கு மட்டையைப் போலக் கழியை நீட்டித் தடுப்பார்கள். பந்து வலையில் பட்டுத் தெறித்துவிடும். கேட்ச் பிடிக்கையில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்களே, அதையே காதோரத்தில் கழியால் செய்யச் சொன்னால் வாரத்தில் சரியாகும். ஹாக்கி ஆடியவர்கள் தரையில் கிடக்கும் பந்தைத் தட்டிக்கொண்டே போவார்கள். அது கூடாது. பின்கை தரையை உரசும் அளவு குனிந்து, ஓட்டத்தை நிறுத்தாமல், பந்துக்கு அடியில் கழியைச் செலுத்தி அள்ள வேண்டும். கழி செங்குத்தாக நின்றால் பந்து முன்னே தள்ளிக்கொண்டு போகும். அள்ளியதும் கழியை மேலே தூக்கி, மேல்கை மணிக்கட்டால் தொட்டில் ஆட்டுவது போல ஆட்ட வேண்டும். பந்து பையில் அழுந்தி நிற்பது அப்படி ஆட்டுவதால்தான். ஆட்டாமல் ஓடினால் மூன்றாவது எட்டில் பந்து விழுந்துவிடும்.

பையின் ஆழம்தான் பல அணிகளைக் கவிழ்க்கிறது. ஆழம் கூடினால் பந்து தாமதமாக வெளியேறி, வீசியவன் காலடிக்கு முன்னே தரையில் குத்தும். ஆழம் குறைந்தால் ஏந்தி ஓட முடியாது. ஆண்கள் ஆட்டத்தின் விதிப்படி, பையில் கிடக்கும் பந்தின் மேல்விளிம்பு, கழியின் தலையில் (வலை கட்டிய சட்டம்) உள்ள பக்கச் சுவரின் அடிவிளிம்புக்குக் கீழே போகக் கூடாது. நனைந்தால் வலை தொய்யும் என்பதால் மழை நாளில் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். இங்கேதான் கடலூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம். சாதாரண லாக்ரோஸ் வலை அகலவாக்கில் பத்துக் கண். தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் வலை பொத்தத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இது அரை மணி நேர வேலை. மீன்வலை நரம்பு மட்டும் வேண்டாம், முடிச்சு வழுக்கும். முறுக்காத, பின்னல் நைலான் கயிறுதான் சரி. கடல் காற்றில் கழியையும் தலையையும் இணைக்கும் திருகாணி துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை கழற்றி எண்ணெய் போட வேண்டும்.

கோலுக்கு இறக்குமதி தேவையில்லை. இருபதடி ஜி.ஐ. பைப் ஒன்றை வெட்டினால் இரண்டு கம்பமும் குறுக்குச் சட்டமும் ஆகி இரண்டடி மிஞ்சும். வலையைப் பின்னால் முளையடித்துக் கட்டலாம். கோலுக்குப் பின்னாலும் பந்து ஆட்டத்தில்தான் இருக்கும் என்பதைக் கால்பந்துப் பிள்ளைகளுக்குப் பத்து முறையாவது சொல்ல வேண்டியிருக்கும். பயிற்சிக்கு ஒரு சிமெண்டுச் சுவர் போதும்: நான்கு மீட்டர் தள்ளி நின்று வலக்கையால் ஐம்பது, இடக்கையால் ஐம்பது. இடக்கையை விட்டுவிட்டுத் தப்பிக்கிறவன் ஆட்டத்தில் ஒரே பக்கம் திரும்புவான், அவனை மடக்குவது சுலபம்.

சிக்கனம் காட்டக் கூடாத இடம் ஒன்றே ஒன்று. கோல்கீப்பருக்குக் கிரிக்கெட் ஹெல்மெட் மாட்டிவிடும் யோசனை எங்காவது கட்டாயம் வரும். கிரிக்கெட் பந்தின் குறுக்களவு 7 சென்டிமீட்டருக்கு மேல். லாக்ரோஸ் பந்து ஏறக்குறைய 6.4. கிரிக்கெட் பந்தைத் தடுக்கச் செய்த கம்பி இடைவெளியில் அதைவிடச் சிறிய பந்து நுழைந்துவிடலாம். தொண்டைக்கும் மறைப்பு கிடையாது. 145 கிராம் கெட்டி ரப்பர் நெஞ்சில் பட்டால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும் என்பதால்தான் அமெரிக்கப் பள்ளிகளில் அதற்கென்று தனித் தர நெஞ்சுக்கவசத்தைக் கட்டாயமாக்கினார்கள். கோல்கீப்பர் கவசம் வாங்க முடியாத பள்ளி, மிருதுவான பயிற்சிப் பந்தோடு, கோல்கீப்பர் இல்லாமல் ஆடட்டும்; பெண் பிள்ளைகளுக்குக் கண்கவசமும் பல்காப்பும் அப்போதும் வேண்டும்.

பள்ளி நிர்வாகங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. 70 மீட்டர் களம் வேண்டுமென்று இருக்கிற கபடிக் களத்தை அழிக்காதீர்கள், கோ-கோ கம்பத்தைப் பிடுங்காதீர்கள். குறுவட்டத்திலிருந்து மாநிலம் வரை படிப்படியாக ஏறப் போட்டிகள் இருப்பதும், சான்றிதழ் வேலைக்கு உதவுவதும் அந்த ஆட்டங்களுக்குத்தான். லாக்ரோஸுக்கு அந்த ஏணி இன்னும் கட்டப்படவில்லை. வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட், பன்னிரண்டு கழி, ஒரு சுவர் என்று ஜூனில் ஆரம்பித்தால், ஐப்பசி மழையில் திடல் குளமாகும் முன்பு பிள்ளைகள் இரு கையாலும் பிடிக்கப் பழகியிருப்பார்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.