இமைக் கதையும் திருகைக் கல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், மாட்சா என்னும் பச்சைத் தேயிலைப் பொடியை ஜப்பானுக்குக் கொடுத்ததே நம் காஞ்சிபுரத்துப் போதிதருமர்தான் என்று எழுதியிருந்தீர்கள். தூக்கம் வரக்கூடாதென்று அவர் தன் இமைகளை அறுத்தெறிய, விழுந்த இடத்தில் தேயிலை முளைத்ததாம். நல்ல கதைதான். காஞ்சிபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர், பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அவர் பிறப்பதற்கு முன்பே சீனர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கதையைக் கதை என்றே போடுங்கள்.

தேயிலையைப் பொடித்து, கிண்ணத்தில் வெந்நீர் விட்டு, மூங்கில் மத்தால் நுரைக்க அடித்துக் குடிப்பது சீனாவில் சோங் அரசர்கள் காலத்து வழக்கம். அங்கே படிக்கப் போயிருந்த எய்சாய் என்ற துறவி 1191-ல் ஊர் திரும்பியபோது அதை ஜப்பானுக்குக் கொண்டுவந்தார். மது குடித்துவிட்டு மறுநாள் தலை கனத்துக் கிடந்த ஷோகன் (ஜப்பானின் படைத்தலைமை ஆட்சியாளர்) சனெடோமோவுக்கு 1214-ல் அவர் தேநீர்தான் கொடுத்தார், கூடவே தேநீரின் நன்மைகள் பற்றித் தான் எழுதிய நூலையும். அப்புறம் சீனாவில் பொடித் தேநீர் வழக்கொழிந்தது, ஜப்பானில் நிலைத்தது.

'கிரீன் டீயைப் பொடித்தால் மாட்சா' என்று நீங்கள் எழுதிய வரியும் சரியில்லை. பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். நிழலில் இலை கரும்பச்சையாகித் துவர்ப்பு குறைகிறது. பறித்ததும் ஆவி காட்டி, உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கிய பிறகுதான் திருகை போன்ற அரைக்கும் கல்லுக்குப் போகும். ஒரு மணி நேரம் சுற்றினால் கிடைப்பது 40 கிராம் அளவுதான். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணம் போய்விடும்.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் திருகையில் அம்மா கேழ்வரகு அரைப்பார். நான் எதிரே உட்கார்ந்து பிடியைப் பிடித்துக்கொள்வேன். விளையாட்டாக வேகம் கூட்டினால், விளிம்பில் உதிரும் மாவை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். வெதுவெதுப்பாக இருக்கும். "பாரு, மாவு சுடுது. மெதுவா சுத்து" என்பார். ஜப்பானில் மாட்சாவுக்குப் பேர்போன உஜி ஊரில் தேயிலை அரைத்தவர்களுக்கும் இதே கவலை இருந்திருக்கிறது என்று படித்தபோது, அன்று முழுக்க எனக்கு அம்மா நினைவாகவே இருந்தது.

அடுத்த முறை மாட்சா பற்றி எழுதினால், அந்தக் கல்லின் படத்தையும் போடுங்கள் ஐயா.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.